வெளிநாட்டிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறோம்: இங்கே பள்ளி, கல்லூரி எல்லாம் எப்படி அமைந்திருக்கிறது?

ஷார்ஜாவாசி:
எல்லோருக்கும் வணக்கம். வரும் மே மாதம் குடும்பத்தோடு மதுரைக்கே வந்துவிடுகிறோம். திருநகரில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. மகள் ஷார்ஜாவில் சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்பு எழுதுகிறாள், இரண்டாம் மொழி பிரெஞ்சு. மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான்.

சொந்தக்காரர்களிடம் கேட்டால் தலை சுற்றுகிறது. ஒருவர் மெட்ரிக்கில் போடு என்கிறார், ஒருவர் எய்டட்தான் பெஸ்ட் என்கிறார், மச்சான் ஸ்டேட் போர்டு வேண்டவே வேண்டாம் என்கிறார். இதெல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றா, இல்லை வேறு வேறு சங்கதிகளா என்பதே புரியவில்லை. கல்லூரிக்கும் அப்படித்தான்: தன்னாட்சி, இணைவு பெற்றது, எஸ்.எஃப். என்று என்னென்னவோ. முதலிலிருந்து யாராவது சொல்லிக்கொடுங்கள்.

ஓய்வுபெற்ற எச்.எம்.:
வாங்க தம்பி. உங்கள் சொந்தக்காரர்கள் மூன்று பேரும் மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்பது ஒன்று. எந்தப் பாடத்திட்டம் என்பது இன்னொன்று. எந்த மீடியம் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் கடைசி வரைக்கும் குழப்பம்தான்.

நடத்துகிறவர் என்று பார்த்தால், அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, முழுத் தனியார் பள்ளி. மதுரையில் மாநகராட்சிப் பள்ளிகள் நிறைய. பேரே அழகாக இருக்கும்: ஔவை, வெள்ளிவீதியார், காக்கைப்பாடினியார், இளங்கோ என்று பழைய புலவர்கள் பேரையெல்லாம் வைத்திருக்கிறார்கள். உதவி பெறும் பள்ளி என்பதுதான் நீங்கள் கேள்விப்பட்ட எய்டட். இடமும் நிர்வாகமும் ஒரு அறக்கட்டளைக்கோ மிஷனுக்கோ சொந்தம், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. நகரின் பழைய பள்ளிகள் பலவும் இந்த ரகம். பாரதியார் 1904இல் கொஞ்ச காலம் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளியும் இதில்தான் வரும்.

பாடத்திட்டம் என்று வந்தால் மாநிலப் பாடத்திட்டம், சி.பி.எஸ்.இ., அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐ.சி.எஸ்.இ. அவ்வளவுதான். மெட்ரிக் என்று இப்போது தனிப் பாடத்திட்டம் கிடையாது. ஒரு காலத்தில் ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு இருந்தன. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. முதல் வருஷம் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும், அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஆகஸ்டில் தீர்ப்பு வந்த பிறகு மற்ற வகுப்புகளுக்கும். அந்த வருஷம் புத்தகமே இல்லாமல் ஜூன், ஜூலையை ஓட்டினோம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இப்போது பெயர்ப்பலகையில் மெட்ரிகுலேஷன் என்று இருந்தால், மாநிலப் பாடத்திட்டத்தை ஆங்கில மீடியத்தில் நடத்தும் தனியார் பள்ளி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மீடியம் நீங்களே தீர்மானிப்பது. அரசுப் பள்ளிகளிலும் 2012-13இலிருந்து ஆங்கிலப் பிரிவு இருக்கிறது.

திருமங்கலம் அக்கா:
எச்.எம். சார் அருமையாகச் சொல்லிவிட்டார். ஷார்ஜா தம்பி, உங்கள் மகன் ஆறாம் வகுப்பில் சேரப்போகிறான், இல்லையா? அந்த ஆறாம் வகுப்பு ஒரு முக்கியமான வாசல். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கு 2021இல். நிபந்தனை, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. நடுவில் ஒரு வருஷம் தனியாரில் போட்டாலும் போச்சு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடுகிறது.

இதில் எய்டட் பள்ளி சேராது. அதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். எங்கள் தெருவில் ஒரு பையன், பெயர் வேண்டாம், நகரில் ஒரு பழைய உதவி பெறும் பள்ளியில் ஆறிலிருந்து படித்தான். பெரிதாக ஃபீஸ் கிடையாது, மதியச் சாப்பாடு, இலவசப் புத்தகம், இலவச சைக்கிள், எல்லாம் அரசு கொடுத்தது. அவன் அம்மா அதை அரசுப் பள்ளி என்றுதான் கடைசி வரை நினைத்திருந்தார். பொறியியல் விண்ணப்பம் போடும்போது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி, அது அரசா உதவியா தனியாரா என்று வகுப்பு வாரியாகக் கட்டம் வரும். இ-சேவை மையத்துப் பெண் ஒவ்வொரு கட்டமாக 'உதவி' என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போக, இவர் பக்கத்தில் நின்று 'அரசுன்னு போடும்மா, அரசுதாம்மா' என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஏழு வருஷத்தில் ஒரு பெற்றோர் கூட்டத்தில்கூட அந்தப் பள்ளியில் யாரும் இதைச் சொல்லவில்லை.

உசிலை_பாண்டி:
அக்கா சொன்னதோடு ஒன்று. எங்கள் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களில் மட்டும். பள்ளிக்கல்வித் துறையின் கீழ் வராமல், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாக நடப்பவை. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த ஆங்கிலேயர் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம் எங்கள் ஜனங்கள் மேல் பாய்ந்த காலத்தில், பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்த அந்தக் காலகட்டத்தில் தொடங்கிய பள்ளிகள் இவை. 7.5 ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இவற்றையும் அரசுப் பள்ளி என்றே சேர்த்திருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, வனத்துறைப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் அதே கணக்குதான்.

2023 பட்ஜெட்டில் இவற்றையெல்லாம் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்போம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் பெரிய எதிர்ப்பு. வெளியூர்க்காரர்களுக்கு இது வெறும் நிர்வாக மாற்றம். இங்கே அப்படி இல்லை.

கோடிங்_குமரன்:
ஒரு கேள்வி. ஷார்ஜாவில் சம்பாதித்துவிட்டு வருகிறவர் மகனை 7.5க்காக அரசுப் பள்ளியில் போடுவது நியாயமா? அது ஏழைப் பிள்ளைகளுக்கு வந்தது.

திருமங்கலம் அக்கா:
சட்டத்தில் வருமான வரம்பு இல்லை தம்பி. எந்தப் பள்ளி என்பதுதான் கணக்கு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளிக்கு வந்தால் அந்தப் பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று கேட்க ஒரு குரல் கூடும், வந்தால் நல்லதுதானே?

கோடிங்_குமரன்:
கழிப்பறைக்குக் குரல் கூடும், சரி. சீட்டுக்குப் போட்டியும் கூடும். சோழவந்தானில் பாட்டி வீட்டிலிருந்து படித்து வந்தவன் நான், எனக்கு உறுத்துகிறது.

ஷார்ஜாவாசி:
ஐயா, அக்கா, நன்றி. கோடிங்_குமரன் தம்பி கேட்டதும் சரிதான், வீட்டில் யோசிக்கிறோம். மகனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மகள் தமிழ் படித்ததே இல்லை. அவள் கதி என்ன?

ஓய்வுபெற்ற எச்.எம்.:
மகனுக்குப் பயம் வேண்டாம். ஆறாம் வகுப்பில் பிடித்துவிடலாம். எந்தப் பள்ளியில் போட்டாலும், 2006இல் வந்த தமிழ் கற்கும் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தே ஆக வேண்டும், ஆகவே இப்போதே வீட்டில் ஆரம்பித்துவிடுங்கள்.

மகளுக்குக் கதை வேறு. பிளஸ் ஒன்னில் முதல் பகுதி மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு, இந்தி, சமஸ்கிருதம் எடுக்க மாநிலப் பாடத்திட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த மொழிக்கு அந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் நடைமுறையில் தமிழ் மட்டும்தான். சில தனியார் பள்ளிகளில் பிரெஞ்சு இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான், கட்டணம் அப்புறம். இன்னொன்று, பல தனியார் பள்ளிகளில் ரிசல்ட் வருவதற்கு முன்பே அரையாண்டு மார்க்கை வைத்து பிளஸ் ஒன் இடத்தை முடித்துவிடுகிறார்கள். மே மாதம் விமானம் இறங்கிப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

சி.பி.எஸ்.இ.யிலேயே தொடரவும் செய்யலாம். நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, ஆனால் அங்கே மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் எங்கேயும் கிடையாது. தனியார் சி.பி.எஸ்.இ. வேண்டிய மட்டும் இருக்கிறது.

கணக்கு_டீச்சர்:
பிளஸ் ஒன்னில் எந்தப் பள்ளி என்பதைவிட எந்த குரூப் என்பது பெரிய விஷயம் சார். இங்கே பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே ஐந்து பாடம், 500 மார்க். பதினொன்றில் பாதை பிரிகிறது. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்ததை ஃபர்ஸ்ட் குரூப் அல்லது பயோ மேத்ஸ் என்போம். உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் டாக்டர் படிப்பு ஏறக்குறைய கிடையாது. கணக்கை விட்டுவிட்டு பியூர் சயின்ஸ் போனால் பொறியியலுக்குக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். காமர்ஸ் குரூப்பில் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல். தொழிற்கல்விப் பிரிவும் உண்டு, அதில் சேர்ந்தவர்களுக்குப் பொறியியலில் தனி இடம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

'பயோ மேத்ஸ் எடுத்துடு, எதுக்கும் இருக்கட்டும்' என்று சொல்கிற உறவினர்கள் வருவார்கள். கணக்கும் பிடிக்காமல் விலங்கியலும் பிடிக்காமல் இரண்டையும் இரண்டு வருஷம் சுமக்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். மகளிடம் கேளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கும் 600 மார்க் வீதம், 2017-18 வரை பிளஸ் டூவுக்கு 1200 இருந்தது. அதே வருஷம்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது மாநிலக் கல்விக் கொள்கை வந்த பிறகு 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. பொதுத்தேர்வு இல்லாத காலத்தில் சில தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடவே தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே உருட்டின. அந்தப் பிள்ளைகள் முதல் வருஷம் இன்ஜினியரிங்கில் கணக்கில் அரியர் வைத்தார்கள். அந்தப் பழக்கம் திரும்பி வந்துவிடக் கூடாது.

வைகைக்கரை:
டீச்சர், நீட் வந்த பிறகு பதினொன்றை விட முடியாது. அதில் பாதிக் கேள்வி அங்கிருந்துதான்.

கணக்கு_டீச்சர்:
நீட் எழுதுகிற பிள்ளைகளுக்குச் சரி. எழுதாதவர்கள்தானே பெரும்பாலும்.

பழைய_தியாகராஜர்:
கல்லூரிப் பக்கம் நான் சொல்கிறேன். மதுரையில் இருக்கிற கல்லூரி எல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கே பல்கலைக்கழகம் ஊரை வைத்துப் பிரிவதை விடப் படிப்பை வைத்துப் பிரிகிறது. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு மட்டும்தான் ஊர்க் கணக்கு: மதுரைக்குக் காமராசர் பல்கலை, சிவகங்கை பக்கம் போனால் காரைக்குடி அழகப்பா. பொறியியல் என்றால் மாநிலம் முழுக்க அண்ணா பல்கலை. மதுரை மருத்துவக் கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலையின் கீழ். சட்டக் கல்லூரிக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலை. பி.எட். படிப்புக்குத் தனியாக ஆசிரியர் கல்வியியல் பல்கலை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி நேரடியாகக் கோவை வேளாண் பல்கலையின் உறுப்பு.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. என் பி.இ. பட்டச் சான்றிதழில் மதுரை காமராசர் பல்கலை முத்திரைதான் இருக்கும். 2001க்குப் பிறகுதான் பொறியியல் கல்லூரிகளை அண்ணா பல்கலைக்கு மாற்றினார்கள். நடுவில் 2010இல் மதுரைக்கே தனி அண்ணா தொழில்நுட்பப் பல்கலை என்று பிரித்து, 2012இல் மறுபடியும் ஒன்றாக்கினார்கள். கீழக்குயில்குடியில் இருக்கிற மண்டல வளாகம் அதன் மிச்சம். வெளிநாட்டு வேலைக்கு என் சான்றிதழைச் சரிபார்க்கும்போதெல்லாம் ஒரே கல்லூரிக்கு எப்படி இரண்டு பல்கலை என்று ஒரு மெயில் வரும்.

வைகைக்கரை:
எய்ம்ஸை விட்டுவிட்டீர்களே சார். அது எதன் கீழும் வராது, மத்திய நிறுவனம். 2019இல் தோப்பூரில் அடிக்கல் நாட்டி, 2022இல் மதுரை எய்ம்ஸின் முதல் பேட்ச் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படித்தது. ஊர் பேர் ஒன்று, வகுப்பு வேறு மாவட்டத்தில்.

லெக்சரர்_மீனா:
தன்னாட்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். காமராசர் பல்கலை 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது, 1978இல் காமராசர் பெயர் சேர்ந்தது. அதே 1978இல்தான் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் போன்றவற்றுக்குத் தன்னாட்சி கிடைத்தது. நாட்டிலேயே முதல் வரிசை அது. தன்னாட்சி என்றால் பாடத்திட்டம், வினாத்தாள், திருத்துவது எல்லாம் கல்லூரியே. பட்டம் மட்டும் பல்கலை தரும். கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும், செமஸ்டர் மார்க் ஷீட்டில் கல்லூரியின் பெயரும் தேர்வு நெறியாளர் கையெழுத்தும், பட்டச் சான்றிதழில் காமராசர் பல்கலையின் முத்திரையும் துணைவேந்தர் கையெழுத்தும். தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரியில் இரண்டுமே பல்கலையிலிருந்து வரும்.

தன்னாட்சியை எய்டட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய கல்லூரிகள் பலவும் உதவி பெறுபவை, அதே சமயம் தன்னாட்சி. அந்த ஒரே வளாகத்துக்குள் சில துறைகள் எய்டட், சில துறைகள் சுயநிதி, நாம் எஸ்.எஃப். என்போம். பி.காம். என்று ஒரே பெயரில் இரண்டு பிரிவு இருக்கும், ஒன்றில் கட்டணம் சொற்பம், மற்றதில் பல மடங்கு. பட்டம் ஒன்றுதான். விண்ணப்பத்தில் எது முதல் விருப்பம் என்று கேட்கும் இடத்தில் கவனம் வேண்டும்.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு, இங்கே ஸ்ரீ மீனாட்சி மகளிர் கல்லூரி மாதிரி, மாநிலம் முழுக்க ஒரே இணைய விண்ணப்பம். உதவி பெறும் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் கோரிப்பாளையத்திலிருந்து தல்லாகுளம் வரை ஆட்டோவில் ஃபைலோடு அப்பாக்கள் அலைவது அதனால்தான்.

ஷார்ஜாவாசி:
மகள் பொறியியல் என்றுதான் இப்போதைக்குச் சொல்கிறாள். நுழைவுத் தேர்வு உண்டா?

பழைய_தியாகராஜர்:
மாநிலக் கலந்தாய்வுக்கு இல்லை. 2007இலிருந்து எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200க்குக் கட் ஆஃப். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் இதே கலந்தாய்வில்தான் வருவார்கள். அதற்கு மேல் 69 சதவீத இடஒதுக்கீடு, ஆகவே சாதிச் சான்றிதழை இப்போதே தாலுகா வழியாக வாங்கி வையுங்கள். சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மைக் கல்லூரி என்றால் பாதி, மற்றவற்றில் 65 சதவீதம் கலந்தாய்வுக்கு வரும், மீதி மேனேஜ்மென்ட். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குத்தான் ஜே.இ.இ.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது ஒன்று. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் எதுவும் கேட்க மாட்டார்கள். உங்கள் மகள் வெளியே படித்ததால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். உங்கள் பெயரில் இங்கே ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் உயிரோடு இருக்கிறதா பாருங்கள்.

மேலூர்_டிப்ளமோ:
எல்லோரும் பிளஸ் டூவையே பேசுகிறீர்கள். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் மூன்று வருஷம் என்று ஒரு வழி இருக்கிறது. முடித்தவர்கள் நேரடியாகப் பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு. பிளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் வருஷம். ஐ.டி.ஐ. முடித்தவர்களும் அப்படி வரலாம். நான் மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, லேட்டரலில் பி.இ. முடித்தவன். பத்தாவதில் கணக்கில் சுமாரான மார்க். லேத்தில் கை வைத்த பிறகுதான் எனக்குக் கணக்கே புரிந்தது. பி.இ. இரண்டாம் வருஷம் கணக்குப் பேப்பர் மட்டும் உயிரை எடுக்கும், மற்றபடி பட்டறையில் நேராக உள்ளே வந்தவர்களைவிட நாங்கள்தான் முன்னால்.

கோடிங்_குமரன்:
உண்மை. எங்கள் டீமில் லேட்டரல்காரர்களிடம்தான் எல்லோரும் சந்தேகம் கேட்போம்.

ஷார்ஜாவாசி:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். மகளை பிரெஞ்சு இருக்கிற ஒரு பள்ளியில், மாநிலப் பாடத்திட்டமோ சி.பி.எஸ்.இ.யோ, கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்க்கிறோம். டாக்டர் வேண்டாம் என்று அவளே தெளிவாகச் சொல்லிவிட்டாள். மகனுக்குத்தான் இழுபறி. மனைவிக்கு வீட்டுக்குப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி, ஆங்கிலப் பிரிவு. என் அம்மாவுக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை, 'ஷார்ஜாவுல படிச்ச பிள்ளையை' என்று ஆரம்பித்துவிட்டார்.

திருமங்கலம் அக்கா:
அம்மாவை ஒருநாள் அந்தப் பள்ளிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். காலை பிரேயர் நேரத்தில் போங்கள், எத்தனை ஆசிரியர் வந்திருக்கிறார்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா என்று நேரடியாகக் கேளுங்கள். எல்லா அரசுப் பள்ளியும் நல்ல பள்ளி என்று நான் சொல்ல மாட்டேன். எச்.எம். யார் என்பதைப் பொறுத்து அடுத்தடுத்த தெருவில் இரண்டு பள்ளி மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும்.

ஓய்வுபெற்ற எச்.எம்.:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. தம்பி, புறப்படும் முன் இரண்டு பிள்ளைகளுக்கும் டி.சி. வாங்கும்போது அதில் அங்கே எந்தெந்த அலுவலகத்தின் முத்திரை வேண்டும் என்று பள்ளியிலேயே கேட்டு முடித்துவிட்டு வாருங்கள். இங்கே வந்த பிறகு கூரியரில் அனுப்பி முத்திரை வாங்குவது பெரும்பாடு. பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் பாஸ்போர்ட், ஆதார், டி.சி. மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். இங்கே சேர்ந்ததும் எமிஸ் எண், அதாவது பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் மாணவருக்கான எண், போடுவார்கள், அதில் ஏறுகிற பெயர்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் போகும்.

ஷார்ஜாவாசி:
ஐயா, மகளின் பாஸ்போர்ட்டில் என் பெயர் பின்னால் முழுதாக வருகிறது, பள்ளியில் இனிஷியல் மட்டும். இதை எங்கே மாற்றுவது, ஆதாரிலா?

ஓய்வுபெற்ற எச்.எம்.:
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி வரப்போகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குத் தக்க மற்றதை மாற்றுங்கள். அந்தச் சான்றிதழை அச்சாகிவிட்ட பிறகு திருத்துவதுதான் கஷ்டம், அதனால் இந்த வாரமே பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.